ஒன்பதாம் வகுப்பு சோஷியல் பீரியடை விட்டுவிடுங்கள்

சென்னையில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளை நடத்தும் தலைமை ஆசிரியர்களுக்கும், தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

வடசென்னையில் ஒரு பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பல வருடம் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வாயில் அது சோஷியல். நானும் அப்படியே சொல்கிறேன். என் கோரிக்கையைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பின் சோஷியல் பீரியடுகளை வேறு பாடத்துக்காரர்கள் கடன் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கும் இதே கதைதான், ஆனால் அடி அதிகமாக விழுவது ஒன்பதுக்கு.

டைம் டேபிளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்குக்கும் சேர்த்துப் பீரியடுகள் ஒழுங்காகக் கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஆகஸ்ட் பிறந்தால் கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "மிஸ், போர்ஷன் முடியல, இன்னிக்கு மட்டும் குடுங்க." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்து நெருக்கடி. மறுவாரம் அறிவியல் மிஸ். அதற்கப்புறம் விளையாட்டு விழா ஒத்திகை, தடுப்பூசி முகாம், ஆதார் விவரம் சரிபார்ப்பு, எல்லாமே அந்த பீரியடில்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் சில தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தையே ஓரம் கட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பை இப்படித் தாண்டிப் போனதால்தான் 2017-18 கல்வியாண்டில் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், நினைவிருக்கும். அந்தத் தேர்வும் இப்போது இல்லை. ஒன்பதாம் வகுப்பு காணாமல் போவதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவே இல்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பை இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று கேட்பீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ராஜா கதை போதும், யானைப்படை எத்தனை என்று கேட்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எது முக்கியமான கேள்வி என்பது மட்டும் வேண்டும். நடுவில் பதின்மூன்று, பதினாலு வயதில்தான் வீட்டில் எதற்கெடுத்தாலும் பதில் பேசுவார்கள். "அவங்க சொன்னா சரியாயிடுமா?" என்பார்கள். அம்மாக்களுக்கு அது தலைவலி. எனக்கு அதுதான் முதலீடு. அந்த வயதில் கையில் இருக்கும் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தேர்தல், அரசியல் கட்சிகள், மனித உரிமைகள், உள்ளாட்சி, பணமும் கடனும், வேலைவாய்ப்பு, இடம்பெயர்தல். எதிர்க்கேள்வி கேட்கிற வயதுக்கென்றே பொறுக்கிப் போட்ட மாதிரி பாடங்கள். அதை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையை முக்கோணவியல் கணக்கில் உட்கார வைக்கிறோம்.

பத்தாம் வகுப்பில் சோஷியலுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண். கணக்கில் போவதை சோஷியலில் தூக்கிவிடலாம் என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். புக் பேக் கேள்விகள், ஒன் மார்க், காலக்கோடு, மேப். இதில் மேப் கேள்விக்குத் தயார் செய்யும் முறை இருக்கிறதே, அது தனி வித்தை. "மேற்கால வாய் பிளந்த மாதிரி இருக்கு பாரு, அங்க கம்பாத் வளைகுடான்னு எழுதிடு." பிள்ளை எழுதிவிடும், மதிப்பெண்ணும் விழும். அதே பிள்ளையிடம், "நம்ம ஸ்கூலுக்குக் கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்.

காசிமேட்டுப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பருவக்காற்றுக் கேள்வியை வெற்றுத்தாளாக விட்டவன். வேறொரு நாள் ஏதோ பேச்சில், "இப்போ கச்சான் மிஸ், வாடை வர இன்னும் நாள் இருக்கு" என்று ஆரம்பித்து, எந்தக் காற்றுக்கு எந்த மீன் கிடைக்கும், எப்போது எந்த வலையை எடுத்து வைப்பார்கள் என்று நின்ற இடத்தில் சொல்லிக்கொண்டே போனான். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைக்கு மழை, எல்லாம் அதற்குள் இருந்தது. அவன் வீட்டில் தெரிந்ததும் புத்தகத்தில் படித்ததும் ஒன்றுதான் என்று அவனுக்குக் காட்ட ஒரு முழு பீரியட் வேண்டும். கரும்பலகையில் கடற்கரையை வரைய வேண்டும், அவனை முன்னால் நிற்கவைத்துப் பேசச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். கடன் போன பீரியடில் மிச்சம் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் இது நடக்காது.

இந்த ஊரில் சோஷியல் எடுப்பவர்களுக்குக் கொடுப்பினை அதிகம். புத்தகத்தில் வருகிற பாதி விஷயம் பஸ் ரூட்டில் வருகிறது. ஒன்றே ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்க நம் பிள்ளைகள் எல்லோரும் தி.நகர் போகிறார்கள். அங்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஓர் ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்து மனை பிரித்த இடம்தான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். தியாகராயர் யார்? பிட்டி தியாகராயர், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கட்சி பிறந்தது 1916-ல். கூடத் தொடங்கிய டாக்டர் நடேசனாரின் பெயரில் அங்கே பூங்கா இருக்கிறது, டி.எம். நாயர் பெயரில் டாக்டர் நாயர் ரோடு இருக்கிறது. பனகல் பூங்கா யார் பெயர்? 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர். பாத்திரக்கடையும் நகைக்கடையும் நிறைந்த உஸ்மான் ரோடு, அதே கட்சியைச் சேர்ந்த முகமது உஸ்மான் பெயர். 1934-ல் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர் அவர். பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகத் திக்கித் திணறி மனப்பாடம் செய்யும் அத்தனை பேரும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தெருக்களில் இருக்கிறார்கள்.

நான் கேட்டு வாங்கி, ஒரே ஒரு முறை, பனகல் பூங்காவிலிருந்து நடேசன் பூங்கா வரை ஒரு வகுப்பை நடத்திக் கூட்டிப் போக முடிந்தது. முதலில் கரும்புச்சாறு வேண்டும் என்று ஒரே ரகளை. பூங்காவில் உட்கார்ந்த பிறகு ஒரு பெண் கேட்டாள்: "எல்லாப் பேரும் ஒரே கட்சிக்காரங்க பேரா இருக்கே மிஸ், யாரு வெச்சது?" அதற்குப் பதில் சொல்லப் போனால் மாநகராட்சி மன்றம் வந்துவிடும், அப்போது யாருக்கு ஓட்டு இருந்தது, யாருக்கு இல்லை என்பது வந்துவிடும். இன்னொருவன் கேட்டான், ஏரி இருந்தபோது அந்தத் தண்ணீரை வைத்து விவசாயம் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் வடியாமல் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு தலைப்பாகப் பிரித்து நாம் நடத்துவதை அவன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான்.

பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் இருக்கும் பள்ளிகளுக்கு தி.நகர் வரைகூடப் போக வேண்டாம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்தப் பக்கம் இருந்த பி அண்டு சி துணி மில் ஆட்களை வைத்து. அதை முன்நின்று நடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் புத்தகத்தில் சில வரிகளில் வந்து போகும். வீட்டில் யாராவது மில்லில் வேலை பார்த்தார்களா என்று கேட்டு எழுதி வரச் சொன்னால், அடுத்த நாள் ஒருத்தி தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதியிருந்தது. வகுப்பு மொத்தமும் பிடித்தம் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தது. கணக்கு சாருக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லலாம்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை முறை. 'சோழர்காலக் கிராம ஆட்சி' என்று பாடம் நடத்திவிட்டுப் பெருமைப்பட்டு முடித்துவிடுகிறோம். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட என்னென்ன தகுதி என்று கல்வெட்டே பட்டியல் போடுகிறது. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் உறவுக்காரரும் நிற்க முடியாது. கடைசி விதியைக் கேட்டதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், இப்போதும் வேண்டும் என்பார்கள். தட்டி முடித்ததும், "அப்போ நிலம் இல்லாதவங்க?" என்று ஒரு குரல் வரும். "பொம்பளைங்க?" என்று இன்னொரு குரல். இங்கிருந்து ரிப்பன் மாளிகைக்கு வரலாம். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி, இன்று 200 வார்டு, அதில் பாதி பெண்களுக்கு, 2022-ல் சென்னையின் முதல் தலித் பெண் மேயராக பிரியா. பெருமையும் கேள்வியும் ஒரே வகுப்பில் இருக்கலாம். ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் எந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை வேண்டாம்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். "பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" ஏழாம் வகுப்பிலேயே நீட், ஜேஇஇ ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று விளம்பரப் பலகை வைத்தது பெற்றோர் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு மேலே போகிறேன். அந்த ஃபவுண்டேஷன் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு நாளைக்கு மருத்துவ சீட் கிடைப்பது எதைப் பொறுத்தது? நீட் மதிப்பெண் மட்டுமா? தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதன் வேர் 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட வகுப்புவாரி (சமூகவாரி) அரசாணையில் இருக்கிறது. சென்னையில் மருத்துவப் படிப்பை முன்வைத்து செண்பகம் துரைராஜன் தொடர்ந்த வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம், அதன் வழியில் பின்னால் வந்த வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டு, இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. நம் ஊர் வழக்கு, நாட்டின் சட்டத்தையே மாற்றிய வழக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வளரும் பிள்ளை, சீட் கிடைத்தவனைப் பார்த்து "அவன் கோட்டால வந்தவன்" என்று சொல்லும். கிடைத்தவனுக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியாது. ஹாஸ்டலில் இந்தப் பேச்சு நடக்கும்போது சொல்லிக்கொடுக்க அங்கே சோஷியல் மிஸ் இருக்க மாட்டார்.

வேலைக் கணக்கும் பார்த்துவிடலாம், உங்களில் பலருக்கு அதுதான் புரியும் என்பதால். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. தமிழ் 100, திறனறிவு 25, மிச்சம் 75 பொது அறிவு. அதற்குத் தயாராகிறவர்கள் முதலில் தேடுவது ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகங்களை. என்னிடம் படித்தவர்களே போன் செய்து, "மிஸ், நைன்த் சோஷியல் புக் இருக்குமா?" என்கிறார்கள். பி.இ. முடித்துவிட்டு, இருபத்தைந்து வயதில், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல்முறையாகத் திறக்கிறார்கள்.

அப்புறம், பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்கிற அந்தப் பேச்சு. பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் உங்கள் அலுவலக வாசலில் நிற்கும் பெற்றோரிடம், "மார்க் கம்மியா இருக்கே, ஆர்ட்ஸ் குரூப்தான் தர முடியும்" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்கிறது. நல்ல மார்க் எடுத்த பிள்ளை வரலாறு கேட்டால், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி மனசை மாற்றுகிறார்கள். எங்கள் பள்ளியிலேயே அப்படி ஒரு பெண்ணுக்கு நடந்தது. பல பள்ளிகளில் வரலாறு எடுக்க நினைத்தாலும் அந்தப் பிரிவே இல்லை.

தனியார் பள்ளித் தாளாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. யாருக்குப் பீரியட் குறைகிறதோ அவரிடம் சோஷியலைக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஆங்கில ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்துகிறார், பாவம், அவரும் முதல் நாள் ராத்திரி படித்துக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் வாசிக்க, இவர் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்ல, பீரியட் முடிந்துவிடுகிறது. வரலாறோ புவியியலோ படித்த பட்டதாரிகள் இந்த ஊரில் கிடைக்காமல் இல்லை. கணக்கு ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுக்க மனம் வர வேண்டும்.

நான் கேட்பதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வரும் ஜூனுக்கான டைம் டேபிள் போடும்போது ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒருநாள் சோஷியலுக்கு இரண்டு பீரியடைச் சேர்த்துப் போடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் நல்லது. அந்த இரண்டை மட்டும் யார் கேட்டாலும் தரக்கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நாங்கள் மறுத்தால் சகஆசிரியரோடு மனக்கசப்பு, நீங்கள் சொன்னால் அது விதி. காலாண்டு, அரையாண்டு வினாத்தாள் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வகுப்புத் தேர்வும் மாதத் தேர்வும் உங்களுடையவை. அதில் ஒரு கேள்வியாவது புத்தகத்துக்குப் பின்னால் விடை இல்லாததாக இருக்கட்டும். "உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன்?" என்று கேளுங்கள். கைடு போடுகிறவருக்கு அந்தத் தெரு தெரியாது. திருத்துவது எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வருடத்தில் ஒருமுறையாவது வெளியே கூட்டிப் போக அனுமதி கொடுங்கள். தீம் பார்க்குக்குக் கொடுக்கும் அனுமதியைத்தான் கேட்கிறேன். உத்திரமேரூர் தூரம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம் போதும். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார் என்று புத்தகத்தில் படிக்கிற பிள்ளை, அவர் சேகரித்த கற்கருவிகளை அங்கே பார்க்கலாம். அதற்கப்புறம் கர்னல் நீலின் சிலையைத் தேடிப் பிடியுங்கள். 1857 கிளர்ச்சியை அடக்கப் போன இடத்தில் செய்த கொடுமைகளுக்காகப் பேர் கெட்டவர். மவுண்ட் ரோட்டில் வைத்திருந்த அவர் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் போராட்டம் நடந்தது, பல பேர் சிறைக்குப் போனார்கள், பிறகு அது அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உடைத்துப் போட்டிருக்க வேண்டுமா, இப்படி உள்ளே வைத்தது சரியா என்று கேட்டுவிட்டு நீங்கள் தள்ளி நின்றுகொள்ளுங்கள். அரை மணி நேரம் சண்டை நடக்கும். காவலாளி வந்து சத்தம் போடாதே என்பார்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதனால் புதன், வியாழன் பார்த்துப் போடுங்கள். கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பதினோரு மணிக்கே கேன்டீன் எங்கே என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை